மீனின் மூக்கும் நம் வீட்டுச் செம்பும்

(மும்பையில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடை என்றால் அங்கே இலக்கியம் மணக்க வேண்டும். இசை ஒலிக்க வேண்டும். எனக்கு முன்னே பேசிய பெரியோர் அந்தக் கடனைக் குறைவற நிறைவேற்றி விட்டனர். என்னை அழைத்த நண்பர்களோ, "உமக்குத் தெரிந்ததைச் சொல்லும், அது போதும்" என்றார்கள். விலங்கியல் கற்பித்தே காலம் கழித்த எனக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதான். ஆகவே மீனைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் மீனின் மூக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மீனுக்கு மூக்கு உண்டா என்று முன் வரிசையில் ஒரு சிறுவன் சிரிப்பது தெரிகிறது. உண்டு, தம்பி. அந்த மூக்கு கெட்டுப் போனால் என்ன ஆகும் என்பதே இன்றைய பேச்சு.

என் ஊர் கொல்லயில். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, எல்லையோரத்தில் உள்ள சிற்றூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு எங்கே விழுந்தாலும் தண்ணீர் அதைப் பார்ப்பதில்லை. அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு நெய்யாற்றின்கரையைத் தொட்டுப் பூவாற்றில் கடலைச் சேரும். மழைக்காலத்தில் எங்கள் சிறு தோடுகள் எல்லாம் நிறைந்து, ஏலாக்களின் வழியே ஒன்றையொன்று தேடிச் சென்று கூடும். ஏலா என்றால் நெல்வயற்பரப்பு. தோடு என்றால் ஓடை. இந்தச் சொற்களை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பவும் இல்லை.

இடவப்பாதி மழையின் முதற்பெருக்கு வந்த இரவில் மீன்கள் ஆற்றையும் குளத்தையும் விட்டு, நீரோட்டத்தை எதிர்த்து, முட்டையிடுவதற்காக வயலுக்கு ஏறி வரும். கெண்டையும் கெளுத்தியும் வராலும் கணுக்காலளவு நீரில் துள்ளிக் கொண்டு ஏறும். அடியில்லாத மூங்கில் கூடையாகிய ஒற்றாலை எடுத்துக்கொண்டு, ஊரே விளக்கோடு வயலில் இறங்கும். அந்த மகிழ்ச்சி இன்று சட்டத்தால் தடுக்கப்பட்டிருக்கிறது. கேரளத்தின் 2010ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம், சினை மீன் ஏறி வரும் காலத்தில் அவ்வாறு பிடிப்பதை விலக்கியுள்ளது. விலக்கியது நன்றே. ஆனால் என் மனத்தில் நெடுநாளாக இருந்த கேள்வி வேறு. மழை பெய்தது மலையில்; மீன் கிடப்பது பள்ளத்தில். கலங்கிய நீர், காரிருள். கண் பயன்படாத அந்த வேளையில் வயலுக்கு வழி இது என்று மீனுக்கு உணர்த்துவது எது?

வெள்ளத்தின் வேகமும், குளிர்ச்சியும், நீரின் அழுத்தமும் மீனைத் தூண்டுவன என்பர். அவற்றோடு மூக்கும் உண்டு. மீனின் தலையில் கண்ணுக்கு முன்னே இருபுறமும் சிறு துளைகள் இருக்கும். நம் மூக்கு தொண்டையோடு சேர்ந்தது. மூச்சு விடவும் உதவுகிறது. மீனுக்கு மூச்சு செவுளின் வேலை. ஆகவே பெரும்பாலான மீன்களில் மூக்கு தொண்டையோடு சேர்வதில்லை. முன் துளையில் நீர் நுழைந்து பின் துளையில் வெளியேறும். இடையே உள்ள குழியில் பூவிதழ்கள் போல் அடுக்கடுக்காக மென்மையான மடிப்புகள் அமைந்துள்ளன. அந்த மடிப்புகளின் மேல்தான் மணமறியும் நரம்பணுக்கள் இருக்கின்றன.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். மற்ற நரம்புகள் எல்லாம் தோலுக்கும் எலும்புக்கும் உள்ளே காப்பாக வைக்கப்பட்டவை. மூக்கின் நரம்பணு அப்படியன்று. அதன் நுனி மயிரிழைகள் நீரிலேயே மிதக்கின்றன; அதன் மறுமுனை மூளையைத் தொடுகிறது. நீருக்கும் மூளைக்கும் இடையே ஒரே ஓர் அணு! கடுகளவு மணத்தையும் அறியும் ஆற்றல் அதனால் வந்தது. கடுகளவு நஞ்சும் தாக்கும் நிலைமையும் அதனாலேயே வந்தது.

மணத்தால் மீன் அறிபவை எவை? இரை இருக்கும் இடத்தை அறிகிறது; துணையின் பருவத்தை அறிகிறது; பகையை அறிகிறது; வந்த வழியையும் அறிகிறது. வடஅமெரிக்காவில் சால்மன் என்றொரு மீன் உண்டு. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துத் தான் பிறந்த அதே ஓடைக்குத் திரும்பி வந்து முட்டையிடும். அது ஓடையை மணத்தால் அடையாளம் காண்கிறது என்னும் கருத்தை 1951இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் வெளியிட்டனர். பின்வந்த சோதனைகள் அதனை நிலைநாட்டின.

நம் ஆறுகளிலும் இத்தகைய பயணி உண்டு. விலாங்கு கடலில் பிறக்கிறது. குஞ்சாக ஆற்றுக்குள் ஏறுகிறது. வளர்ந்து முதிர்ந்தபின் இனம் பெருக்க மீண்டும் கடலுக்குச் செல்கிறது. கண்ணாடி போன்ற அதன் குஞ்சு கடலில் நின்று ஆற்றை எப்படிக் கண்டுகொள்கிறது? ஐரோப்பிய விலாங்கை வைத்து இத்தாலிய ஆய்வாளர்கள் 1993இல் ஒரு செய்தி கூறினர். ஜியோஸ்மின் என்னும் பொருளின் மணம் குஞ்சுகளை ஆற்று நீரை நோக்கி ஈர்க்கிறது என்பதே அது. ஜியோஸ்மின் என்பது என்ன? கோடை மண்ணில் முதல் மழைத்துளி விழுந்ததும் எழுமே, அந்த மண்வாசனையின் பொருள்தான். 1965இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஊரை விட்டு வந்து நாற்பது ஆண்டுகளான பின்னும், இந்த மும்பையில் முதல் மழை பெய்யும்போது சன்னலைத் திறந்து வைத்து நிற்கிறோமே, நம்மை நிறுத்துவதும் அந்தக் குஞ்சை இழுப்பதும் ஒரே பொருள்.

இனிப் பகையை அறியும் திறத்துக்கு வருகிறேன். தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ் என்னும் ஆஸ்திரிய அறிஞர், மீன்களையும் ஆராய்ந்தவர். காயம்பட்ட ஒரு சிறு மீனைக் கூட்டத்தில் விட்டபோது, மற்ற மீன்கள் திடுக்கிட்டுச் சிதறி ஓடுவதை அவர் கண்டார். 1938இல் அதை வெளியிட்டார். தோல் கிழிந்ததும் அதிலுள்ள சில அணுக்களிலிருந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது. மற்ற மீன்கள் அதனை முகர்ந்து, 'ஆபத்து' என்று அறிந்து, ஒளிகின்றன அல்லது அசையாமல் நின்று விடுகின்றன. நம் குளத்துக் கெண்டை இனத்துக்கும் கெளுத்தி இனத்துக்கும் இந்த எச்சரிக்கைப் பொருள் உண்டு. ஒருவன் அடிபட்டால் ஊரார் அனைவரும் விழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது எது? செம்பு.

செம்பு என்றதும் உங்களுக்கு நினைவு வருவது பூசை அறையில் இருக்கும் தண்ணீர்ச் செம்புதான். உலோகத்துக்கும் பாத்திரத்துக்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம் மொழி. செம்பில் வைத்த நீர் நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். பெங்களூர் ஆய்வாளர்கள் 2012இல் அதைச் சோதித்து, கிருமி கலந்த நீரைச் செம்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்தபோது வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிந்தன என்று காட்டினர். அந்த நீரில் கரைந்திருந்த செம்பு லிட்டருக்கு ஏறத்தாழ 177 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் செம்புக்கு வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராம். இந்தியத் தர நிறுவனம் விரும்பத்தக்க அளவாகக் குறித்திருப்பது 50 மைக்ரோகிராம். ஆகவே பாட்டியின் செம்பு நீர் மனிதனுக்கு நஞ்சன்று.

மீனுக்கோ? ஐக்கிய அமெரிக்க அரசைச் சேர்ந்த, சியாட்டில் நகரத்து மீன்வள ஆய்வு நிலையத்தார் 2003ஆம் ஆண்டு முதல் இதனை ஆராய்ந்து வந்தனர். இளஞ்சால்மன் மீன்களைச் செம்பு கலந்த நீரில் 3 மணி நேரம் மட்டும் வைத்தனர். லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அளவிலேயே மீனின் மணவுணர்ச்சி மங்கத் தொடங்கியதையும், எச்சரிக்கைப் பொருளை நீரில் விட்டபோது அவை அஞ்சி நிற்கத் தவறியதையும் 2007இல் எழுதினர். பின்னர் 2012இல் இன்னொரு சோதனை. செம்பு நீரில் இருந்த இளமீன்களை, அவற்றைத் தின்னும் பெரிய மீனோடு ஒரே தொட்டியில் விட்டனர். மூக்கு நலமாக இருந்த மீன்கள் ஆபத்தை முகர்ந்து அசையாமல் நின்று தப்பின. மூக்கு கெட்டவை நிமிர்ந்து நீந்திக் கொண்டிருந்தன, விரைவில் இரையாயின.

அந்த இளமீன்களைச் செம்பு கொல்லவில்லை. அவற்றின் உடலில் புண் இல்லை, செவுள் கெடவில்லை. இரசாயன சாலையில் சோதித்தால் "மீன் நலமே" என்று எழுதித் தருவார்கள். ஆனாலும் அவை பிழைக்கவில்லை. நஞ்சின் கடுமையை அளக்கும் வழக்கமான முறை, 96 மணி நேரத்தில் பாதி மீன்கள் சாகும் அளவு எது என்று பார்ப்பது. அந்த முறையில் இந்தச் சாவு கணக்கில் வராது. கொன்றது பெரிய மீன் என்று பதிவாகும். காட்டிக் கொடுத்தது செம்பு என்பது பதிவாகாது.

இவ்வளவையும் நூல்களில் படித்து, மாணவர்க்குச் சொல்லி வந்தவன் நான். சொல்லிய பாடம் என் வீட்டுக் குளத்திலேயே எழுதப்பட்டிருக்கக் கூடும் என்பது மிகப் பிந்தித்தான் எனக்கு உறைத்தது. அதை உங்கள்முன் ஒப்புக்கொள்ளவே இந்த மேடைக்கு வந்தேன் என்றாலும் பிழையில்லை.

எங்கள் விளையில் நல்லமிளகுக் கொடி உண்டு. மழைக்கு முன்னும், மழை சற்று ஓய்ந்த இடைவெளியிலும், கொடிவாட்டம் வராதிருக்கத் துரிசு அடிப்போம். துரிசு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது மயில்துத்தம். அதையும் சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்துச் சேர்ப்பது போர்டோ கலவை. பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே என்னும் அறிஞர் 1885இல் உலகுக்கு அறிவித்த மருந்து அது. மைசூர் அரசின் வேளாண்மைத் துறையில் பணியாற்றிய கோல்மன், கமுகின் காயழுகலுக்கு அதைப் பரப்பினார். எத்தனையோ குடும்பங்களின் வாழ்வைக் காத்த மருந்து. அதை நான் பழிக்க வரவில்லை.

100 லிட்டர் நீருக்கு 1 கிலோ துரிசு, 1 கிலோ சுண்ணாம்பு என்பது கணக்கு. அப்பா மண்பானையில் கரைப்பார். கலவை சரியா என்று பார்க்கத் தம் அரிவாளின் நுனியைச் சற்று நேரம் அதில் அமிழ்த்தி எடுப்பார். இரும்பின்மேல் செந்நிறம் படிந்திருந்தால், "சுண்ணாம்பு போதாது மக்களே, இன்னும் கொஞ்சம் விடு" என்பார். இரும்பின்மேல் படிந்தது செம்பு என்று பள்ளியில் படிக்குமுன்பே அவரிடம் படித்தேன். வேலை முடிந்ததும் பானையின் அடியில் நின்றதைக் கொட்டுவதும், தெளிப்பானைக் கழுவுவதும் என் வேலை. எங்கே கழுவுவேன்? குளத்துப் படியில்தான். நீலம் பரவி மறைவதை வேடிக்கை பார்த்துக் கொண்டிருப்பேன். செத்து மிதந்த மீன் ஒன்றையும் நான் கண்டதில்லை. ஆகவே தீங்கு எதுவும் இல்லை என்றே எண்ணினேன்.

ஆசிரியனான பின் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். துரிசின் எடையில் கால் பங்கு செம்பு. ஓர் ஏக்கர் பரப்பும் ஒன்றரை மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் ஏறத்தாழ 60 இலட்சம் லிட்டர் நீர் நிற்கும். அதில் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் செம்பு சேர வேண்டுமானால் 12 கிராம் செம்பு போதும். அதாவது ஏறத்தாழ 48 கிராம் துரிசு. ஒரு கைப்பிடி! எங்கள் குளம் ஏக்கரில் கால் பங்கு கூட இராது.

கணக்கு கணக்குத்தான். நீரில் விழும் செம்பெல்லாம் கரைந்தபடியே நிற்பதில்லை. சுண்ணாம்பு சிறிது அதைப் பிணைக்கும். சேறு சிறிது பற்றிக்கொள்ளும். மட்கிய இலையின் சாறு நீரில் கலந்திருந்தால், அது செம்பைப் பிடித்துக்கொண்டு மீனின் மூக்கைக் காக்கிறது என்று சியாட்டில் ஆய்வாளரே கண்டிருக்கிறார்கள். மரநிழல் விழும் பழைய குளங்களின் பழுப்பு நீரை அழுக்கு என்று நாம் நினைத்தோம். அது மருந்தாக இருந்தது.

அப்பா முதுமையில் ஒரு நாள் தொலைபேசியில் சொன்னது என் காதை விட்டு அகலவில்லை. "குளத்தில மீனு கெடக்கு மக்களே. ஆனா அதுக்கு இப்போ விவரம் இல்ல. கொக்கு ஒண்ணைக் கொத்தித் தூக்கும்; மத்தது அங்கேயே நிக்கும்" என்றார். படிக்காத உழவர். வான் பிரிஷ் கண்டதை அவர் எதிர்ப்புறமிருந்து கண்டார்! அதற்குக் காரணம் என் கைத் துரிசுதான் என்று நான் சாதிக்க முடியாது. அந்த நீரை அளந்து பார்த்தவர் இல்லை. ஏலாக்கள் தூர்ந்து ரப்பரும் வீடுகளும் வந்தன, தோடுகள் குறுகின, வேறு மருந்துகளும் வந்தன. ஆனால் என் கை தூய்மையானது என்றும் நான் சாதிக்க முடியாது.

செம்பு மட்டுமே குற்றவாளி அன்று. துத்தநாகக் கனியத்தோடு உடன்பிறந்து வருவது காட்மியம். கனடா நாட்டு ஆய்வாளர் 2003இல், லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் காட்மியம் உள்ள நீரில் 7 நாள் இருந்த இளமீன்கள் எச்சரிக்கைப் பொருளை உணரவில்லை என்று காட்டினர். அந்தக் காட்மியம் மூக்கில் புகுந்து, மண நரம்பின் வழியே ஊர்ந்து, மூளையின் வாயிலில் உள்ள மணக்குமிழில் தங்கியிருந்தது. பாதரசமும் அதே வழியில் செல்வதை 1990இல் ஸ்காண்டிநேவிய ஆய்வாளர் சால்மன் மீனில் கண்டனர்.

நம் நாட்டில் இந்த உலோகங்கள் எங்கே என்று கேட்பீர்கள். கேரளத்தின் பெரியாறு கடலை நெருங்கும் ஏலூர், எடையாறு பகுதியைப் பாருங்கள். உரம், பூச்சிமருந்து, அருமண் ஆலைகளோடு, 1967இல் துத்தநாக உருக்காலையும் அங்கே எழுந்தது. 2014இல் அது மூடப்பட்டது. ஆலை மூடிய பின்னும் வண்டல் மூடுவதில்லை. கொச்சிக் காயலின் வடபகுதி வண்டலில் துத்தநாகமும் காட்மியமும் இயல்புக்கு மேல் படிந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 2024 மே மாதத்தில் பெரியாற்றில் மீன்கள் திரள் திரளாக மிதந்தபோது நாடே பேசிற்று. நீரில் உயிர்க்காற்று குறைந்தது என்றும், அம்மோனியாவும் ஐதரசன் சல்பைடும் மிகுந்தன என்றும் அறிக்கைகள் வந்தன. மிதக்கும் மீனுக்கு அறிக்கை உண்டு. வழிதெரியாமல் நீந்தும் மீனுக்கு அறிக்கை இல்லை.

தமிழகத்தில் கோடைக்கானல். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வெப்பமானித் தொழிற்சாலை அங்கே 1983 முதல் 2001 வரை நடந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடை வரை சென்றது மக்கள் போராட்டத்தால் வெளிப்பட்டது, ஆலை மூடப்பட்டது. அந்த ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வுக்கூடத்தார் 2006இல் வெளியிட்டனர். மீனின் உடலில் எவ்வளவு என்று அளந்தோம். உண்பவர் நாம் ஆதலால். மீன் எதை இழந்தது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் நோய் அறியப்பட்டபோதும், மனிதர்க்கு முன்பே பூனைகள் தள்ளாடி விழுந்தன. சிற்றுயிர்கள் முதலில் சொல்கின்றன. நாம் கடைசியில் கேட்கிறோம்.

ஊர்க்கதை போதும், நாம் வாழும் நகருக்கு வருவோம். விகார், பொவாய் ஏரிகளின் வழிநீராகப் புறப்படும் மித்தி ஆறு, தாராவியின் ஓரமாக வந்து மாகிம் கழிமுகத்தில் கலக்கிறது. நம்மவர் பலர் வாழும் இடம், உழைக்கும் இடம். முலாம் பூசும் பட்டறைகளும், பழைய உலோகம் உருக்குவோரும் அந்தக் கரைகளில் உண்டு. இந்த அவையிலேயே அத்தொழில் செய்வோர் இருக்கிறார்கள், என் நண்பர்கள். அவர்கள்மேல் பழி போடுவது என் நோக்கமன்று. குளத்துப் படியில் தெளிப்பானைக் கழுவிய நான் யாரைப் பழிப்பேன்? சாலையில் ஓடும் வண்டிகளின் தடைக்கட்டை தேயும்போதும் செம்பு தூளாக உதிர்ந்து, மழையோடு ஓடைக்குப் போகிறது. ஆகவே வண்டி வைத்திருக்கும் நாம் எல்லோரும் இதில் பங்காளிகள்.

பங்காளிகள் என்று அறிந்தவர்கள் என்ன செய்தார்கள்? சியாட்டில் உள்ள வாஷிங்டன் மாநிலமும், கலிபோர்னியாவும் 2010இல் சட்டம் இயற்றின. வண்டித் தடைக்கட்டையில் செம்பு 2021இல் நூற்றுக்கு 5 பங்குக்குக் கீழும், 2025இல் அரைப் பங்குக்குக் கீழும் குறைய வேண்டும் என்பது விதி. மீனின் மூக்குக்காக மனிதன் தன் வண்டியை மாற்றினான்! விஞ்ஞானிகள் அளந்தார்கள், தொழில் செய்வோரும் இருந்து பேசினார்கள். அதனால் நடந்தது.

நம்மால் ஆவதையும் சொல்லி முடிக்கிறேன். ஊரில் நிலம் வைத்திருப்போர், தெளிப்பானைக் குளத்திலும் தோட்டிலும் கழுவாதிருக்கச் சொல்லுங்கள். தேவையான அளவே கரைக்கட்டும். மிஞ்சியதை மிளகுக் கொடியின் மேலேயே அடித்துத் தீர்க்கட்டும். கழுவிய நீரைத் தண்ணீருக்குத் தொலைவில் மண்ணில் விடட்டும். தோட்டின் கரையில் நிற்கும் புல்லையும் மரத்தையும் வெட்டாமல் விட்டால், ஓடி வரும் செம்பில் ஒரு பங்கை அவையே தடுக்கும். உதிரும் இலை மற்றொரு பங்கைப் பிணைக்கும். பட்டறை வைத்திருப்போர், கழிவு நீரிலுள்ள உலோகத்தைப் படியவைத்து மீட்கும் பொதுச் சுத்திகரிப்பு ஏற்பாட்டில் சேருங்கள். வீணாகப் போவது நீங்கள் விலை கொடுத்து வாங்கிய உலோகம் அல்லவா? இளைஞர்கள் ஆராய்ச்சிக்குப் போனால், எத்தனை மீன் செத்தது என்று எண்ணுவதோடு நில்லாமல், உயிரோடிருக்கும் மீன் எதை உணர்கிறது என்றும் பாருங்கள். நம் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அந்த ஆய்வு போதிய அளவு நடக்கவில்லை.

முயற்சி வீணாகாது என்பதற்கு இயற்கையே சான்று தருகிறது. மணமறியும் நரம்பணு, மற்ற நரம்பணுக்களைப் போல் ஒரு முறை செத்தால் போனது போனதே என்பதன்று. மீனுக்கும் நமக்கும் அது வாழ்நாள் முழுதும் புதிதாக முளைக்கிறது. செம்பின் தாக்குதல் சிறிதாயிருந்து, நீர் மீண்டும் தூய்மையானால், மீனின் மணவுணர்ச்சி மணிக்கணக்கில் அல்லது நாள் கணக்கில் திரும்பும். அணுக்களே மடிந்திருந்தால் வாரக்கணக்கில் திரும்பும். தூய நீர் வேண்டும், அவ்வளவே.

2021இல் எனக்குக் கொரோனா கண்டபோது மணமறியும் ஆற்றல் முழுதும் போயிற்று. உங்களில் பலருக்கும் அந்த அனுபவம் இருக்கும். காப்பியும் கற்பூரமும் எனக்கு ஒன்றாயின. அடுப்பில் பால் தீய்ந்ததை அறியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டார் ஓடி வந்து அணைத்தார்கள். அன்றுதான் அப்பா சொன்ன மீன் எனக்குப் புரிந்தது. உயிர் இருந்தது; உணவு இருந்தது; ஆனால் 'விவரம்' இல்லை. ஏழு வாரம் கழித்து ஒரு மாலை மழை பெய்தது. சன்னலோரம் நின்றிருந்த எனக்கு மண்வாசனை தெரிந்தது. கொல்லயிலுக்குத் தொலைபேசியில் பேசி, "மணம் வந்துவிட்டது" என்றேன். கேட்க அப்பா இல்லை. தம்பிதான் எடுத்தான். அவனிடம் முதலில் சொன்னது, "தெளிப்பானைக் குளத்தில் கழுவாதே" என்பது. சிரித்துக் கொண்டே, "சரி அண்ணா" என்றான். கழுவுவதில்லை என்றே நம்புகிறேன்.

என் மணம் எனக்குத் திரும்பிற்று. எங்கள் குளத்து மீனுக்கும் அது திரும்பட்டும் என்று வேண்டி அமைகிறேன்.